சொல்லற்கரியதும் சொல்லாது விட்டதும்

அநுபவம் கூறும் நூல்கள் நாள்தோறும் பெருகி வருகின்றன. ஞானம் எய்தினேம் எனத் தாமே கூறுவார் எழுதியனவும், இன்னார் எய்தினார் எனப் பிறர் எழுதியனவுமாக அவை இருதிறப்படும். தமிழில் எழுந்தனவும் பிறமொழியினின்று பெயர்த்தனவும் அவற்றுள் உள. நூல் பெருகுதல் நன்றே. ஆயினும் அவற்றுள் ஒன்றைப் படித்து முடித்த ஒருவன், ‘ஈண்டு நிகழ்ந்தது யாது?’ எனத் தன்னையே வினவிக்கொள்வானாயின், பெரும்பாலும் விடை காணான். பேரொளி தோன்றிற்று, எல்லாம் ஒன்றாயிற்று, காலம் நின்றது, சொல்லொணாத அமைதி நிறைந்தது, அன்று முதல் யாவும் மாறின: இவ்வைந்து தொடர்களும் முன்பின்னாக மாறி மாறி வருதலன்றிப் பிறிதொன்றில்லை. கண்டவர் யார், காணப்பட்டது யாது, கண்டபொழுது எக்கருவி ஒழிந்தது, எக்கருவி நின்றது, மாறியது யாது என்பன பேசப்படா. இக்குறை சிறிதன்றென்பதனையும், இதனை அளந்தறியும் கருவி நம் சாத்திரங்களில் முன்னரே அமைந்துள்ளதென்பதனையும் காட்டுதலே இக்கட்டுரையின் கருத்து.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறுதும். போடிநாயக்கனூரில் வியாழன்தோறும் மாலையில் அன்பர் சிலர் கூடித் திருவருட்பயன் பயின்று வருகின்றோம். மேற்கே ஏலமலைச் சரிவில் உள்ள எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் அன்பர் ஒருவர், வாரந்தோறும் மலையிறங்கி வந்து அக்கூட்டத்தில் அமர்வார். இருபதாண்டாக நியமம் தவறாதவர். அவர் சில வாரம் வராதிருந்து, ஒரு நாள் ஒரு புத்தகத்தோடு வந்தார். பாடம் முடிந்து பிறர் எழுந்த பின்னர், “ஐயா, ஒன்று கேட்க வேண்டும். இருபது வருஷமாகத் திருவைந்தெழுத்து ஓதுகிறேன். இந்தப் புத்தகத்தில் சொன்னது ஒன்றும் எனக்கு வரவில்லை. ஒரு வெளிச்சமும் இல்லை, ஒரு நடுக்கமும் இல்லை. நான் செய்தது எல்லாம் வீண்தானோ?” என்றார். மேலும் வினவியபொழுது, மூன்று மாதமாகப் பூசையை நிறுத்திவிட்டதாகவும், விடியுமுன் எழுந்து காய் உலர்த்தும் ஸ்டோரின் ஒரு மூலையில் இருட்டில் அமர்ந்து, புத்தகத்திற் கண்ட ஒளிக்காகக் காத்திருப்பதாகவும் தலைகுனிந்து கூறினார்.

அப்புத்தகத்தை வாங்கி முற்றும் படித்தேம். இருநூறு பக்கத்தின் மேற்பட்ட அந்நூலில், ஆசிரியர்க்கு நிகழ்ந்தது இதுவெனக் கூறும் பகுதி அரைப்பக்கத்திற்கு மேலில்லை. எஞ்சியன எல்லாம் அவ்வரைப்பக்கத்தின் பெருமையைப் பேசுவன. அவ்வரைப்பக்கமும் மேற்காட்டிய ஐந்து தொடர்களால் ஆயது. நூலின் பெயரை ஈண்டுக் குறித்தேமில்லை. குறை அவ்வொரு நூலுக்கே உரியதன்று ஆதலின். ஆயினும், தெளிவில்லாத அரைப்பக்கம் ஒன்று, இருபதாண்டு நியமமுடைய ஒருவரைச் சிவபூசையினின்றும் எழுப்பிவிட்டதென்றால், அது நடையழகின் குறையென்று புறந்தள்ளற்பாலதன்று.

அற்றேல், ‘சிவாநுபவம் சொல்லுக்கு அடங்காதென நம் ஆசிரியன்மாரும் கூறினரன்றோ? சொல்லாமை எங்ஙனம் குற்றமாம்?’ எனின், கூறுதும். சொல்லற்கரியது வேறு, சொல்லாது விட்டது வேறு. இவ்விரண்டனையும் ஒன்றாக்குதலே மயக்கத்திற்கு வித்து.

எம்மூரார்க்கு எளிதிற் புலப்படுமாறு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். ஏலக்காயின் மணத்தைச் சொல்லால் உணர்த்துதல் இயலாது. முகராதவனுக்கு ஆயிரம் சொல்லினும் அது விளங்காது. அதனால் ஏலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்ல இயலாதென ஒருவன் கூறுவானாயின், போடி ஏலக்கூடத்தில் அவனை நகையாதார் இல்லை. பச்சைக்காய் நான்கைந்து பங்கு உலர்ந்தே உலர்காய் ஒரு பங்காகின்றது. உலர்ந்த காய் 7 மில்லிமீட்டர்ச் சல்லடையில் நிற்பதோ, 8 மில்லிமீட்டர்ச் சல்லடையில் நிற்பதோ என்று பார்க்கின்றனர். ஒரு லிட்டர் அளவிற்கு எத்தனை கிராம் நிற்குமென நிறுக்கின்றனர். பசுமை இயல்பானதோ சாயம் ஏற்றியதோ என ஆராய்கின்றனர். மணம் ஒன்றே சொல்லிற்கு அப்பாற்பட்டது. ஏனையவெல்லாம் சொல்லத்தக்கன, சொல்லியே ஆகவேண்டுவன. மணத்தின் பெயரால் எடையையும் மறைப்பவனை வணிகர் நம்பார். அநுபவ நூலாசிரியரும் அவ்வாறே. இன்பத்தின் சுவை சொல்லற்கரியதாகுக. அது வந்த நெறி, வருமுன் இருந்த நிலை, வந்தபின் நீங்கிய குற்றம், துணைநின்ற ஆசிரியன், ஒத்துநின்ற நூல் என்னும் இவை சொல்லற்கரியன அல்ல. இவற்றையும் சொல்லாது விட்டு, ‘சொல்லொணாது’ என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுதல் மௌனமன்று, சோம்பல்.

நம் ஆசிரியர்கள் இவ்வாறு செய்திலர். சிவஞான சித்தியாரின் அளவையியல், காண்டலளவையை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நால்வகைப்படுத்தி, ஐயத்தையும் திரிவையும் காட்சிக்குக் குற்றமென விலக்குகின்றது. ஒருவன் தன் உள்ளே கண்டேன் என்னும் ஒன்று இந்நான்கனுள் எதன்பாற்படும் என்பது முதல் வினா. உள்ளத்தெழுந்த இன்பதுன்ப உணர்ச்சி தன்வேதனையின்பாற்படும். தூரத்தும் பிறகாலத்தும் உள்ளவற்றை யோகத்தால் அறிதல் யோகக்காட்சியாம். இவையெல்லாம் மெய்யாகவே நிகழினும், பாசஞானமும் பசுஞானமும் பதியை உணர்தற்கு அமையா, பதிஞானம் ஒன்றே அதற்கு அமையும் என்பது சித்தாந்தத் துணிபு. ஆகலின், ‘ஒளி கண்டேன்’ என்னும் அளவானே ஒருவன் சிவத்தைக் கண்டானென்பது பெறப்படாது. ஒளி கண்டதனைப் பொய்யென்றும் யாம் கூறேம். அஃது எவ்வகைக் காட்சி என்பதே வினா.

இரண்டாவது, அமைதியைப் பற்றியது. புறவோசை அடங்கிற்று, நினைவு அடங்கிற்று, உடலுணர்ச்சி அற்றது என்பர். அடங்குதல் மேல்நோக்கியும் நிகழும், கீழ்நோக்கியும் நிகழும். கீழாலவத்தையில் உயிர் புருவநடுவினின்று கண்டத்திற்கும், இதயத்திற்கும், உந்திக்கும், மூலத்திற்கும் இறங்குங்கால், சாக்கிரத்தில் 35 ஆக நின்ற கருவிகள் சொப்பனத்தில் 25 ஆகவும், சுழுத்தியில் 3 ஆகவும், துரியத்தில் 2 ஆகவும், துரியாதீதத்தில் 1 ஆகவும் குறைந்து வருதலை நம் நூல்கள் எண்ணிக் காட்டுகின்றன. ஆண்டும் அமைதி உண்டு. ஆண்டும் காலம் தோன்றாது. ஆண்டும் உலகம் இல்லை. ஆயின் அஃது ஆணவ இருளிற் கிடத்தலேயன்றி அருளில் நிற்றலன்று. கேவலத்தையும் சுத்தத்தையும் வேறு பிரித்தறியக் கருவியொழிவு மட்டும் அடையாளமாகாது; இருள் நீங்கியதோ என்பதே அடையாளம். முத்தியில் உயிர் கல்லைப்போலக் கிடக்கும் என்னும் பாடாணவாதியை, உமாபதிசிவாசாரியர் 1313ஆம் ஆண்டில் எழுந்த சங்கற்ப நிராகரணத்துள் எடுத்து மறுத்தமையும் ஈண்டு நினையத்தக்கது. இக்கால நூல்கள் பலவற்றிற் பேசப்படும் ‘எண்ணமற்ற வெறுமை’, பாடாணவாதியின் முத்தியினின்று யாண்டு வேறுபடுகின்றதென அந்நூலாசிரியர்கள் தாமே விளக்குதல் வேண்டும். அவர் விளக்காதவழிப் படிப்பவன் எவ்வாறு அறிவான்?

மூன்றாவது, படிமுறை. உண்மைநெறி விளக்கம் ஆறே திருவிருத்தங்களால் ஆகிய சிறுநூல். அதன் ஆசிரியர் உமாபதிசிவம் என்பாரும் சீகாழித் தத்துவநாதர் என்பாரும் உளர். யாவரே ஆகுக, தத்துவத்தின்பால் மூன்றும், ஆன்மாவின்பால் மூன்றும், சிவத்தின்பால் நான்குமாகப் பத்துநிலைகளை வேறுபிரித்து, இன்ன நிலையில் இன்னது தோன்றும், இன்னது நீங்கும் என அந்நூல் வரையறுத்துரைக்கின்றது. தத்துவங்களைத் தன்னின் வேறாகக் கண்டதனையே ஞானத்தின் முடிவெனக் கொள்ளுதலும், தன்னைக் கண்டதனையே தலைவனைக் கண்டதாகக் கொள்ளுதலும் சாதகர்க்கு வருதற்குரிய மயக்கங்கள். பத்துநிலை கூறியது அம்மயக்கம் தீர்த்தற்கே. போடியினின்று போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள. மழைக்காலத்து மூடுபனி இறங்குமாயின் எதிரே வருவது தோன்றாது. அந்நிலையிலும் எத்தனையாவது வளைவில் நிற்கின்றோம் என்பது ஓரத்து நட்ட பலகையால் விளங்கும். ஆறாவது வளைவிற் பனி சூழப்பெற்றவன், அதனையே மலையுச்சியென எழுதுவானாயின், பின்வருவோர் அங்கேயே இறங்கிவிடுவர். தசகாரியம் அப்பலகை போல்வது.

இனி, இவ்வளவைகளை வைத்துக்கொண்டு, அண்மைக்காலத்துப் பெரிதும் பரவிய அநுபவவுரை ஒன்றனை ஆராய்வாம். எம்மூரினின்று இருப்புப்பாதை வழியே சென்றடையும் மதுரையிலே, 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பதினாறு வயதினராகிய வேங்கடராமன் என்னும் மாணவர்க்கு நிகழ்ந்ததாகக் கூறப்படுவது அது. அவரே பின்னர்த் திருவண்ணாமலையில் எழுந்தருளி, 1950ஆம் ஆண்டிற் சமாதியெய்திய ஸ்ரீ ரமண மகரிஷிகள். சொக்கப்ப நாயக்கன் தெருவிலுள்ள இல்லத்தின் மாடியறையில் தனித்திருந்தபொழுது, நோயொன்றுமின்றி மரணபயம் திடீரெனத் தோன்றியதும், அவர் அஞ்சி எவரையும் அழையாது, கைகால்களை நீட்டிப் பிணம்போற் கிடந்து, மூச்சையடக்கி, ‘இவ்வுடல் இறந்தால் நான் இறந்தேனோ’ என உசாவியதும், உடலின் வேறாய் அழியாததொன்று உண்டெனத் தெளிந்ததும் பலரும் அறிந்தனவே.

இவ்வுரை இன்று பலராலும் எடுத்தாளப்படும் வடிவில் முதற்கண் வெளிவந்தது, சேலத்தில் வழக்கறிஞராயிருந்து பின் துறவு பூண்ட பி. வி. நரசிம்ம சுவாமி ஆங்கிலத்தில் எழுதி 1931ஆம் ஆண்டில் வெளிவந்த வரலாற்றிலேயாம். அதில் மகரிஷிகள் தாமே ‘நான், நான்’ எனத் தம்மைக் குறித்துப் பேசுவதாக அப்பகுதி அமைந்துள்ளது.

ஈண்டு எம் பிழையொன்றனை ஒளியாது கூறல் வேண்டும். பல்லாண்டுகட்கு முன் யாம் எம் கூட்டத்தில் அப்பகுதியைத் தமிழிற் பெயர்த்துப் படித்து, ‘மகரிஷிகள் திருவாய்மலர்ந்த சொற்கள் இவை’ என்றேம். அதனுள் ‘நான்’ என்னுஞ்சொல் வருமிடமெல்லாம் எண்ணி, ‘ஈண்டு யான் எனதென்னுஞ் செருக்கு அறவில்லை, இஃது ஆன்மதரிசனத்தளவில் நின்றது’ என ஒரு மறுப்பும் கட்டினேம். கேட்டோர் தலையசைத்தனர், யாமும் மகிழ்ந்தேம். பின்னொருகால் மூலநூலை முழுதும் படித்தபொழுது, ஆசிரியர் இட்ட குறிப்பொன்று கண்ணிற்பட்டது. அவ்விடத்துச் சொற்கள் மகரிஷிகள் கூறியவாறே எழுதப்பட்டன அல்ல. அவர் பெரும்பாலும் நான், நீ என்னும் சுட்டின்றியே பேசுவர். தமிழ்மொழி அங்ஙனம் பேசுதற்கு மிகவும் இடந்தருவது. படிப்போர்க்கு விளங்குதற்பொருட்டு அவ்வுரை தன்மையிடத்தில் வைத்து அமைக்கப்பட்டது என்னும் கருத்துப்பட அவர் எழுதியுள்ளார்.

இக்குறிப்பின் பயன் பெரிது. தமிழில் ‘பயம் வந்தது, கிடந்தது, தெளிவு பிறந்தது’ எனத் தன்மைச்சுட்டு ஒன்றுமின்றியே ஒரு வரலாற்றை முற்றக் கூறலாம். ஆங்கிலத்தில் அவ்வாறு கூறுதல் அரிது. வினைதோறும் எழுவாய் வேண்டும். ஆகவே அவ்வுரையில் நிற்கும் ‘நான்’ பலவும் மொழி கொடுத்தன, எழுதியவர் கொடுத்தன. அவற்றை மீளத் தமிழாக்கி, மகரிஷிகளின் நாவில் வைத்து, அதன்மேல் எழுப்பிய எம் மறுப்புக் காற்றிற் கட்டிய கோபுரமாயிற்று. ‘யான்’ என்பது அற்றதோ நின்றதோ என்பது சித்தாந்தத்தில் ஒரு நிலையை மற்றொரு நிலையினின்றும் பிரிக்கும் எல்லைக்கல். அவ்வெல்லைக்கல்லை எழுதுவோர் தம் எழுத்தின் வசதிக்காக நகர்த்த நேர்கின்றது. ஆதலின் அநுபவவுரையை ஆராய்வோன், ‘இச்சொல் கண்டவர் சொல்லோ, கேட்டவர் சொல்லோ, பெயர்த்தவர் சொல்லோ?’ என்பதனை முதற்கண் வினவுதல் வேண்டும். யாம் அதனை வினவாது போனேம்.

இன்னும் ஒன்று. அவ்வுரையுள் நினைவு படிப்படியே செல்லும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. உடனே, அஃது ஆராய்ச்சியாக நிகழ்ந்ததன்று, நேரே தோன்றிய தெளிவென்னும் கூற்றும் உண்டு. இரண்டும் எங்ஙனம் ஒக்கும்? படிமுறை பிற்காலத்து எடுத்துரைக்கும்பொழுது அமைந்ததோ, நிகழ்ந்தபொழுதே இருந்ததோ? இதனை அவ்வுரையால் மட்டும் துணிதல் ஆகாது. ஆயினும் இவ்வினாவை எழுப்புதற்கு இடந்தருவதே அந்நூலின் சிறப்பு. ஊர், தெரு, அறை, வயது, காலம், அச்சத்தின் தோற்றம், செய்த செயல், எழுந்த வினா, பெற்ற தெளிவு என எல்லாம் அதில் உள. அதற்கு முன் அவர் படித்திருந்தவற்றுள் பெரியபுராணம் சிறந்து நின்றமையும், தாம் பெற்றதற்கு நூல்கள் இட்ட பெயர்களைப் பிற்காலத்தே அறிந்தமையும் உள. அதற்குப் பின் உணவின் விருப்பும் வெறுப்பும் குறைந்தமையும், பிறர் வைதவழிப் பொறுத்தமையும் உள. எல்லாவற்றினும் மேலாக, முன்னர் எப்பொழுதோ சென்றுவந்த மீனாட்சியம்மை திருக்கோயிலுக்கு மாலைதோறும் தனியே சென்று, இறைவன் திருமுன்னரும் அறுபத்துமூவர் திருமுன்னரும் கண்ணீர் பெருக நின்றமை உள. நிகழ்ந்தது ஒரு நொடியாயினும் அதன் முன்னும் பின்னும் படிப்பவன் கைக்குக் கிட்டுகின்றன.

ஆனால் இவ்வரலாற்றைச் சுருக்கியுரைப்போர் பலர், மரணபயத்தையும் கிடந்தமையையும் தெளிவையும் மட்டும் கூறி, கோயிலை விட்டுவிடுகின்றனர், பெரியபுராணத்தை விட்டுவிடுகின்றனர், ஆசிரியர் இட்ட அடிக்குறிப்பையும் விட்டுவிடுகின்றனர். எஞ்சுவது மேற்கூறிய அரைப்பக்கமே. தெளிவாக எழுதப்பட்டதும் இவ்வாறு தெளிவிழக்குமாயின், தொடக்கத்தே தெளிவின்றி எழுதப்பட்டவற்றின் நிலை கூறவேண்டா. மகரிஷிகளின் நிலை இன்னதென வரையறுக்க யாம் துணியேம். அவ்வுரையின் சொல்லை ஆராய்தலே எம் வரம்பு. மகரிஷிகளும் தம்பால் வந்தோர்க்கு அம்மாடியறை நிகழ்ச்சியை வேண்டிநிற்குமாறு பணித்தாரல்லர். ‘நான் யார்’ என்னும் உசாவலையே நெறியாகக் காட்டினர். 1901ஆம் ஆண்டை ஒட்டிச் சிவப்பிரகாசம் பிள்ளை வினவ அவர் விடையளித்தனவே அப்பெயரால் நூலாயின. வினாவும் விடையுமாக அமைந்தமையின் அந்நூல் ஐயத்திற்கு இடம்வைத்து நடக்கின்றது.

வினாவிற்கு இடம்வைத்தல் நம் மரபிற் பழமையானது. திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கம் மாணாக்கர் வினவ ஆசிரியர் விடுப்பதாகவே நடக்கின்றது. அருணந்திசிவாசாரியர் இருபா இருபஃதில் தம் ஐயங்களைத் தம் ஆசிரியர் திருமுன் வைத்துத் தடைமேல் தடை எழுப்புகின்றார். பேரநுபவம் பெற்ற அவர்களே வினாவை இழிவெனக் கொண்டிலர். மணிவாசகப்பெருமானும், திருப்பெருந்துறையில் தமக்கு நிகழ்ந்ததனை முற்றச் சொல்லலாகாதெனினும், ஊரைச் சொன்னார். குருவடிவாய் வந்தவனைச் சொன்னார். தம் தகுதியின்மையைப் பலகாலும் சொன்னார். தம்பால் நிகழ்ந்த மாற்றத்தை உருகி உருகிச் சொன்னார். சொல்லமாட்டாத ஓரிடத்தில் மட்டுமே சொல் தோற்றது. அத்தோல்வி உண்மையென நாம் நம்புவது, ஏனைய இடமெல்லாம் சொல் நின்றமையால் என்க.

இனி ஒருசாரார், ‘இவ்வாறு அளத்தல் அன்புநெறிக்கு ஏலாது, ஐயுறவு அருளைத் தடுக்கும்’ என்பர். பெரியோரை ஐயுறுதல் வேறு. புத்தகத்தை ஆராய்தல் வேறு. அருளைப் பெற்றவர் அமைதியாயிருப்பாராயின் அவரை வணங்கி அமைவோம். அவர் பெயரால் அச்சிட்டு விலைக்கு விற்கப்படும் நூல், படிப்பவன் வாழ்க்கையிற் கைவைக்கின்றது. கைவைப்பது எதுவாயினும் கணக்குக் காட்டுதல் வேண்டும்.

அன்பர்க்கு யாம் கூறியதனைச் சொல்லி முடிப்பாம். “ஐயா, நீர் முன்னே சினம் மிக்கவர் என்று உம்முடன் பணிசெய்வோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்பொழுது எப்படி?” என்றேம். சற்று நினைந்து, “கூலிக் கணக்கில் தகராறு வந்தால் முன்போலக் கத்துவதில்லை. எப்பொழுது விட்டது என்று தெரியவில்லை” என்றார். “அந்தப் புத்தகத்தின் ஆசிரியருக்கு எது விட்டது என்று எங்கேனும் எழுதியிருக்கிறாரா?” என்றேம். அவர் புத்தகத்தைப் புரட்டினார், நெடுநேரம் புரட்டினார். பின்பு ஒன்றும் கூறாமல் அதனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழன் அவர் வந்தபொழுது நெற்றியில் திருநீறு விளங்கிற்று. ஒளி வந்ததோவென யாம் கேட்டிலேம், அவரும் சொல்லிலர். அன்றைப் பாடம் திருவருட்பயனின் நான்காம் அதிகாரமாகிய அருளது நிலை. புரியாத இடந்தோறும் அவர் நிறுத்தி நிறுத்தி வினவினார்.